கடலைக் கணக்கில் எடுக்காத வாக்கு: யாழ்ப்பாணத் தீவகமும் பொதுத் தேர்தல்களும்

1994 ஓகஸ்ட் 16ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் சுயேச்சைக் குழுவாகப் போட்டியிட்ட ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி (ஈ.பி.டி.பி.) 10,744 வாக்குகள் பெற்றது. கிடைத்த ஆசனங்கள் ஒன்பது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 14இல், அதே கட்சி அதே மாவட்டத்தில் 17,730 வாக்குகள் பெற்றது. ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. இரண்டு தேர்தலும் ஒரே அரசியலமைப்பின் கீழ், ஒரே விகிதாசார முறையில் நடந்தவை. முதல் தேர்தலில் விழுந்த வாக்குகளில் மிகப் பெரும் பகுதி ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று நாம் தீவகம் என அழைக்கும் நிலப்பரப்பிலிருந்து வந்தது. மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில் அன்று வாக்கெடுப்பு பெரும்பாலும் நடக்கவில்லை.

இந்த முரணைப் போர்க்கால விபரீதம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் தீவகத்தின் தேர்தல் வரலாற்றை 1931 முதல் இன்றுவரை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. அங்கே எந்தக் கட்சிக்கு ஆதரவு அதிகம் என்ற கேள்வி பெரும்பாலும் இரண்டாவதாகவே வந்திருக்கிறது. வாக்களிப்பு நாளன்று ஊரில் யார் இருந்தார்கள், யாரால் வர முடிந்தது, யாரை வரவிட்டார்கள் என்பதே முதலாவது கேள்வி. அதற்கான பதில் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியது. அதனுடன் தீவாருக்கென ஒரு பிரதிநிதி இருந்ததும் இல்லாமற் போனதும் மாறியது. இக்கட்டுரை அந்த வரலாற்றையும், இன்றைய கணக்கையும், இனி வரவேண்டிய சீர்திருத்தத்தையும் ஒருசேர ஆராய்கிறது.

பெட்டி போகும் வழி

தீவகம் ஒரே தன்மையான இடமன்று. மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, ஊர்காவற்றுறை ஆகியவை பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாண நகருடன் தொடுக்கப்பட்டவை. வேலணையிலிருந்து வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவு போகலாம். அதன் அந்தத்திலுள்ள குறிகட்டுவான் துறையோடு தரைவழி முடிகிறது. அங்கிருந்து நயினாதீவுக்குக் குறுகிய கடற்பயணம். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து படகேற வேண்டும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே மிதவைப் பாதை ஓடுகிறது.

ஒரு தேர்தல் நடக்கும்போது இந்தப் புவியியல் முழுவதும் செலவாகவும் நேரமாகவும் மாறுகிறது. வாக்கெண்ணும் நிலையமான யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலிருந்து பெட்டிகளும் அலுவலர்களும் முதல்நாளே புறப்படுகிறார்கள். காற்றுக் கடலானால் படகு ஆடும். அலுவலர்கள் இரவு தங்க வேண்டும். வாக்களிப்பு முடிந்ததும் பெட்டிகள் கடற்படைப் படகில் திரும்பும். நெடுந்தீவுப் பெட்டிகளை ஹெலிகொப்டரில் ஏற்றி வருவதும் உண்டு. அரசு தன் பெட்டியைக் கொண்டுபோய்க் கொண்டுவர இவ்வளவு ஏற்பாடு செய்கிறது. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கொழும்பிலோ வேலை செய்துகொண்டு, பெயரை மட்டும் தீவின் வாக்காளர் இடாப்பில் வைத்திருக்கும் ஒருவர் ஊர் வந்து வாக்குப் போட அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. அவர் தன் செலவில், தன் விடுமுறையில், கடைசிப் படகைப் பிடித்து வரவேண்டும்.

பகிஷ்கரிப்பில் தொடங்கிய வாக்குரிமை

டொனமூர் அரசியலமைப்பு 1931இல் சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தபோது, ஆசியாவிலேயே அது முன்னோடி முயற்சியாக இருந்தது. அந்த அரசாங்க சபையில் ஊர்காவற்றுறை ஒரு தனித் தொகுதி. ஆனால் முதல் தேர்தலில் ஊர்காவற்றுறைக்கு உறுப்பினர் கிடைக்கவில்லை. முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்று ஹண்டி பேரின்பநாயகம் போன்றோர் முன்னின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பை அறிவித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்புமனு எதுவும் தாக்கலாகவில்லை. 1934இல் இடைத்தேர்தல் நடந்தே அந்த ஆசனங்கள் நிரம்பின. ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரை சென்றார்.

ஆகவே தீவாருக்கு வாக்குரிமை கிடைத்த முதல் வாய்ப்பே வாக்கில்லாத தேர்தலாகக் கழிந்தது. அந்த முடிவு உயர்ந்த இலட்சியத்தால் எடுக்கப்பட்டது. வன்முறை எதுவும் அதில் இல்லை. ஆனாலும் அது தீவில் எடுக்கப்பட்ட முடிவன்று. பின்னால் வந்த பகிஷ்கரிப்புகளுக்கும் இந்தக் குறிப்பு பொருந்தும்.

ஒரு தொகுதி, ஓர் உறுப்பினர்: 1947 முதல் 1977 வரை

சோல்பரி அரசியலமைப்பு தொகுதிகளைப் பிரித்த முறை இன்று மறக்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு மாகாணத்திற்கும் 75,000 பேருக்கு ஓர் ஆசனம். அதற்கு மேல் ஒவ்வோர் ஆயிரம் சதுர மைலுக்கும் இன்னுமோர் ஆசனம். மக்கள் தொகை குறைந்த, பரப்பு கூடிய வடக்கும் கிழக்கும் இதனால் பயன்பெற்றன. வட மாகாணத்திற்கு ஒன்பது தொகுதிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஊர்காவற்றுறை.

1947இல் அத்தொகுதியில் வென்றவர் ஏ. எல். தம்பிஐயா. கொழும்புத் துறைமுகத்தில் சரக்குப் படகுத் தொழில் நடத்திய வணிகர். இது தற்செயல் அன்று. தீவாரின் வாழ்வு அப்போதே பாதி தென்னிலங்கையில் இருந்தது. கடை, சாப்பாட்டுக் கடை, துறைமுகம், புகையிலை வியாபாரம் என்று ஆண்கள் வெளியே உழைக்க, குடும்பங்கள் காசுக்கட்டளையை எதிர்பார்த்துத் தீவில் வாழ்ந்தன. வெளியே வென்றவர் உள்ளே செல்வாக்குப் பெறுவது இயல்பாக நடந்தது. 1952இலும் அவரே வென்றார்.

1956இல் காற்று மாறியது. தனிச் சிங்களக் கோஷத்தின் நிழலில் நடந்த தேர்தலில் தமிழரசுக் கட்சியின் வி. ஏ. கந்தையா தம்பிஐயாவைத் தோற்கடித்தார். 1963இல் கந்தையா இறந்தபோது நடந்த இடைத்தேர்தலில் அதே கட்சியின் வி. நவரத்தினம் தெரிவானார், 1965 பொதுத் தேர்தலிலும் வென்றார். கரம்பொன்னைச் சேர்ந்த இந்தச் சட்டத்தரணியே தீவகத்தின் தேர்தல் வரலாற்றில் மிகச் சுவையான அத்தியாயத்திற்குக் காரணமானவர். டட்லி சேனநாயக்க அரசுடன் தமிழரசுக் கட்சி உறவு வைத்திருந்த காலத்தில், ஆட்பதிவு மசோதாவை எதிர்த்து 1968இல் அவர் கட்சியுடன் முரண்பட்டுப் பிரிந்தார். பின்னர் தமிழர் சுயாட்சிக் கழகத்தை நிறுவினார். சமஷ்டி கேட்பதில் இனிப் பயனில்லை, தமிழர் தம்மைத் தாமே ஆளவேண்டும் என்ற வாதத்துடன் 1970இல் ஊர்காவற்றுறை மக்களிடம் வந்தார்.

மக்கள் அவரை ஏற்கவில்லை. தமிழரசுக் கட்சியின் கா. பொ. இரத்தினத்தைத் தெரிவுசெய்தார்கள். வேலணையைச் சேர்ந்த தமிழறிஞர், திருக்குறள் பரப்பும் பணியில் பெயர்பெற்றவர், முந்தைய நாடாளுமன்றத்தில் கிளிநொச்சி உறுப்பினராக இருந்தவர். ஏழே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் பின், 1977இல் அதே இரத்தினம், அதே தொகுதியில், தனிநாடு கேட்ட தமிழர் விடுதலைக் கூட்டணியின் வேட்பாளராக நின்று வென்றார். 1970இல் நவரத்தினத்தின் வாயிலிருந்து வந்தபோது மக்கள் மறுத்த கருத்தை, 1977இல் இரத்தினத்தின் வாயிலிருந்து வந்தபோது ஏற்றுக்கொண்டார்கள். இடைப்பட்ட 1972 அரசியலமைப்பும் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும் செய்த வேலை அது. தீவார் கட்சிக்குப் பின்னால் கண்மூடிச் சென்றார்கள் என்று சொல்வோர் இந்த இரண்டு தேர்தல்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். உறுப்பினரை மாற்றவும், கருத்தை மாற்றவும், தம் கணக்கில் தாமே முடிவெடுக்கவும் அவர்களால் முடிந்த முப்பது ஆண்டுகள் அவை.

அந்த முறையின் குறைகளையும் சொல்லவேண்டும். ஒரு தொகுதிக்கு ஒருவர் என்றபோது தோற்றவருக்கு விழுந்த வாக்குகள் காற்றில் போயின. சாதி, ஊர், கோயில், தேவாலயம் என்ற கட்டுகள் வேட்பாளர் தெரிவில் வலுவாக இருந்தன. நெடுந்தீவின் குறைகள் ஊர்காவற்றுறையின் குறைகளுக்குப் பின்னால் நின்றன. ஆனாலும் படகு ஓடவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது.

வெற்றிடத்தின் ஆண்டுகள்

1978 அரசியலமைப்பு தொகுதிகளுக்குப் பதிலாகத் தேர்தல் மாவட்டங்களைக் கொண்டுவந்தது. ஆனால் புதிய முறையில் தேர்தல் நடக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. 1982 டிசெம்பர் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பழைய நாடாளுமன்றமே நீடிக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டம் அதை மிகப் பெரும்பான்மையாக எதிர்த்து வாக்களித்தது. 1983 ஓகஸ்ட்டில் ஆறாம் திருத்தம் வந்தது. பிரிவினையைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். கா. பொ. இரத்தினம் ஊர்காவற்றுறையின் கடைசித் தொகுதி உறுப்பினரானார்.

அடுத்து வந்த ஆண்டுகளில் தீவாருக்கு நாடாளுமன்றத்தில் குரலே இல்லை. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் ஏறிய கடற்படையினர் பயணிகளை வெட்டிக் கொன்றபோது, அந்தத் தொகுதியின் பெயரால் எழுந்து கேள்வி கேட்க அவையில் ஒருவரும் இருக்கவில்லை.

1989 பெப்ரவரியில் விகிதாசார முறையில் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 11 ஆசனங்களில் ஈரோஸ் இயக்கத்தின் ஆதரவு பெற்ற சுயேச்சைக் குழு எட்டை வென்றது. ஊர்காவற்றுறை இப்போது மாவட்டத்தின் பதினொரு வாக்கெடுப்புப் பிரிவுகளில் ஒன்று மட்டுமே. பட்டியலில் அதற்குத்தான் முதலிடம். ஆசனம் எதுவும் அதன் பெயரில் இல்லை.

1994: இருந்தவர்களின் தேர்தல்

1990 ஓகஸ்ட்டில் இராணுவம் தீவுப்பகுதியில் தரையிறங்கியது. அல்லைப்பிட்டியிலும் மண்டைதீவிலும் பிடிக்கப்பட்ட இளைஞர் பலர் காணாமற் போயினர். தீவார் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்கும், வன்னிக்கும், கொழும்புக்கும், கடல் கடந்தும் சென்றார்கள். 1991இல் வலம்புரி நடவடிக்கையுடன் எஞ்சிய தீவுகளும் படையினரின் கைக்கு வந்தன. 1992 ஓகஸ்ட் 8இல் அராலித்துறையில் கண்ணிவெடியில் மேஜர் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ உள்ளிட்ட தளபதிகள் இறந்தது ஊர்காவற்றுறைத் தீவில்தான். குடாநாடு புலிகளிடம், தீவகம் படையினரிடம் என்ற பிரிவினை பண்ணைக் கடலின் நடுவே கோடாக விழுந்தது. கடற்படையின் பாதுகாப்பில் ஈ.பி.டி.பி. தீவுகளில் முகாமிட்டது.

இந்த நிலையில்தான் 1994 தேர்தல் வந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் இடாப்பில் 596,366 பெயர்கள் இருந்தன. வாக்களித்தோர் 2.34 வீதம். புத்தளத்தில் அகதிகளாக இருந்த, 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வாக்கில் முஸ்லிம் காங்கிரஸ் ஓர் ஆசனம் பெற்றது. மற்ற ஒன்பதும் ஈ.பி.டி.பி.க்கு. ஓர் ஆசனத்தின் விலை 1,200 வாக்கைக்கூட எட்டவில்லை. 225 பேர் கொண்ட அந்த நாடாளுமன்றத்தில் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 94. மூன்றாவது பெரிய அணி, தீவகத்தின் சில ஆயிரம் வாக்குகளில் உருவான இந்த ஒன்பது பேர். எந்தப் பெரிய கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத அவையில் அவர்களின் மதிப்பு எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டப்படி இதில் பிழை எதுவும் இல்லை. ஆசனங்களின் எண்ணிக்கை இடாப்பிலுள்ள பெயர்களைக் கொண்டு நிச்சயிக்கப்படுகிறது. அவற்றின் பங்கீடு அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளைக் கொண்டு நடக்கிறது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு பெரிய பள்ளம் இருந்தாலும் சட்டம் கவலைப்படாது. ஆறு இலட்சம் பேரின் பெயரில் வந்த ஆசனங்களை, எஞ்சியிருந்த ஒரு சிறு கூட்டத்தின் வாக்கு நிரப்பியது. தீவாரின் வாக்கு அதற்கு முன்னும் பின்னும் இவ்வளவு கனமாக இருந்ததில்லை. அந்தக் கனம் தீவாருக்குச் சொந்தமாக இருக்கவுமில்லை.

துப்பாக்கியும் அரிசியும்

ஏன் தீவார் ஈ.பி.டி.பி.க்கு வாக்களித்தார்கள் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. துப்பாக்கிக்குப் பயந்து என்பது ஒன்று. வேறு யாரும் எட்டிப் பார்க்காத காலத்தில் அரிசி, படகு, வீடு, அரச வேலை என்று கொண்டுவந்து தந்ததால் என்பது மற்றது. இரண்டிலும் உண்மை உண்டு.

பயத்திற்குச் சான்றுகள் பதிவாகியுள்ளன. 2000 ஒக்டோபர் தேர்தல் முடிந்து ஒன்பதாம் நாள், தேர்தல் முறைகேடுகளைச் செய்தியாக்கி வந்த பி.பி.சி. செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2001 நவம்பர் 28இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பிரசார அணி ஊர்காவற்றுறைக்குச் சென்றபோது நாரந்தனையில் தாக்கப்பட்டது. இருவர் இறந்தனர், அணியில் சென்ற மாவை சேனாதிராசா உள்ளிட்டோர் காயமடைந்தனர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2016இல், யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் அந்த வழக்கில் ஈ.பி.டி.பி.யைச் சேர்ந்த மூவருக்கு மரண தண்டனை விதித்தது. எதிர்க்கட்சி ஒன்று தீவுக்குள் வந்து கூட்டம் போடுவதே உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்த காலம் அது.

தேவைக்கும் சான்றுகள் உண்டு. போர் முடிந்து, துப்பாக்கிகள் பின்னுக்குப் போன பிறகும் அந்தக் கட்சியின் செல்வாக்கு தீவகத்தில் உடனே கரையவில்லை. 2011 உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டமெங்கும் கூட்டமைப்பு வென்றபோது, ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு ஆகிய மூன்று பிரதேச சபைகளை மட்டும் ஈ.பி.டி.பி. இணைந்திருந்த ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு கைப்பற்றியது. அக்கட்சியின் தலைவர் டக்ளஸ் தேவானந்தா 1994 முதல் 2024 வரை தொடர்ந்து நாடாளுமன்றத்தில் இருந்தார். பல அரசுகளில் அமைச்சராக இருந்தார். கொழும்பில் அமைச்சர் ஒருவர் இருப்பது தீவாருக்குக் கொள்கையைவிடப் பெரிய விஷயம். மருத்துவரை அனுப்பவும், இறங்குதுறையைத் திருத்தவும் அங்கே ஒரு கையெழுத்து வேண்டும்.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்கவேண்டும். 2004இல் அது தமிழரசுக் கட்சியின் பெயரில் யாழ்ப்பாணத்தில் 257,320 வாக்குகள் பெற்று எட்டு ஆசனங்களை வென்றது. ஓர் ஆசனத்திற்கு 32,000க்கு மேல் வாக்குகள். பத்து ஆண்டுக்கு முன் ஆசனத்திற்குக் கொடுக்கப்பட்ட விலையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இருபத்தேழு மடங்கு. அந்தப் பேரலையில் தீவகத்தின் தனிக் குறைகளைப் பேச இடமே இல்லாமற் போனது. தேசியப் பிரச்சினை தீராமல் படகுப் பிரச்சினை தீராது என்று ஒரு தரப்பும், படகு வந்தால் போதும் தேசியப் பிரச்சினை பிறகு என்று மறுதரப்பும் சொல்ல, இரண்டும் சேர்ந்து வேண்டிய மக்கள் இரண்டுக்கும் நடுவே நின்றார்கள்.

2005 இன்னொரு பகிஷ்கரிப்பு. புலிகளின் முடிவால் நவம்பர் 17 சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் வாக்களிப்பு 1.21 வீதமாக விழுந்தது. நாடு முழுவதிலும் மகிந்த ராஜபக்ச ஏறக்குறைய 180,000 வாக்குகளால்தான் வென்றார். யாழ்ப்பாண இடாப்பில் இருந்த பெயர்களோ ஏழு இலட்சத்திற்கு மேல். 1931ஐப் போலவே இந்த முடிவும் வாக்காளரிடம் கேட்டு எடுக்கப்படவில்லை. விளைவு மட்டும் அவர்களிடம் வந்து சேர்ந்தது.

இடாப்பு சுருங்கிய கதை

2010 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்ட இடாப்பில் 721,359 பெயர்கள்; வாக்களித்தோர் 23.33 வீதம். அந்த இடாப்பில் இறந்தவர்களும், கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறியவர்களும் நிறைந்திருந்தார்கள். இடாப்பு திருத்தப்பட்ட பின், 2015இல் அது 529,239 ஆகியது. மாவட்டத்தின் ஆசனங்கள் ஒன்பதிலிருந்து ஏழாகின. 2024இல் 593,187 பெயர்கள், ஆறு ஆசனங்கள். 1989இல் பதினொன்று இருந்த இடத்தில் இன்று ஆறு.

இந்தச் சுருக்கத்தின் கூர்மையான பகுதி தீவகத்தில் விழுந்திருக்கிறது. புங்குடுதீவில் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு ஊர்க் கோயிலுக்குத் தேர் செய்கிறார்கள், பாடசாலைக்குக் கட்டடம் கட்டுகிறார்கள். அவர்களின் பணம் ஊருக்கு வருகிறது, வாக்கு வராது. வெளிநாட்டிலுள்ள குடிமக்கள் வாக்களிக்க இலங்கையில் இன்னும் வழியில்லை. நாட்டுக்குள்ளே இடம்பெயர்ந்தோர் பழைய ஊரின் இடாப்பில் பதிய 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. அதுவும் தற்காலிகக் கதவு. நெடுந்தீவின் மக்கள் தொகை இப்போது சுமார் 4,000. மாவட்ட அளவில் ஆசனத்திற்குப் போட்டியிடும் எந்தக் கட்சியும் இந்த எண்ணிக்கைக்காகக் கடல் தாண்டிக் கூட்டம் போடுவது பிரசாரக் கணக்கில் நட்டம்தான். விருப்பு வாக்கு முறையில் நிலைமை இன்னும் கடினம். தீவின் வாக்குகள் முழுவதையும் ஒருவரே பெற்றாலும், குடாநாட்டில் வாக்குச் சேர்க்காமல் அவர் பட்டியலில் மேலே வருவது அரிது.

2024 தேர்தல் முடிவு பழைய கணக்குகளைக் கலைத்தது. செப்டெம்பர் சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் அனுர குமார திசாநாயக்க பெற்றவை 27,086 வாக்குகள். எட்டு வாரங்களில், நவம்பரில், அவரது தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளுடன் மாவட்டத்தில் முதலிடம் பெற்று மூன்று ஆசனங்களை எடுத்தது. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று, சுயேச்சைக் குழுவொன்றுக்கு ஒன்று. தென்னிலங்கைக் கட்சியொன்று யாழ்ப்பாணத்தில் முதலிடம் பெற்றதைப் பலவாறு விளக்கலாம்: தமிழ்க் கட்சிகளின் பிளவு, இளைஞரின் சலிப்பு, வெல்லும் பக்கம் சாயும் வழக்கம். தீவகத்தைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். ஆளும் கட்சியுடன் தொடர்பு வைத்திருப்பதே ஒரு கட்சியின் பலம் என்றிருந்தால், ஆளும் கட்சியே நேரில் வந்து வாக்குக் கேட்கும்போது அந்த இடைத்தரகுக்கு மதிப்புக் குறையும். ஆறே மாதத்தில் நடந்த 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் மாவட்ட அளவில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னுக்கு வந்தது என்பது அந்த அலை எவ்வளவு இறுக்கமற்றது என்பதைக் காட்டியது.

வாக்கில்லாத தீவுக்கு வந்த மவுசு

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி சனாதிபதி அனுர குமார திசாநாயக்க மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெற் மைதானத்திற்கு அடிக்கல் நாட்டினார். அன்றே கச்சதீவுக்கும் சென்றார். குடியிருப்பே இல்லாத, ஒரு வாக்காளர்கூட இல்லாத கச்சதீவு, தேர்தல் அரசியலில் நெடுந்தீவையும் நயினாதீவையும் விட அதிகம் பேசப்படுகிறது. 1974 உடன்படிக்கையில் இலங்கைக்கு வந்த அந்தத் துண்டு நிலம், 2024 இந்திய மக்களவைத் தேர்தலில் பிரதமர் மோடியின் பேச்சில் வந்தது. தமிழ்நாட்டுக் கட்சிகள் ஒவ்வொரு தேர்தலிலும் அதை எடுக்கின்றன. அந்தப் பேச்சில் ஊர்காவற்றுறை மீனவரின் வலையை இந்திய இழுவைப்படகு கிழிப்பது வருவதில்லை.

மின்சாரத்தின் கதையும் இதையே சொல்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றும் சூரிய ஒளியும் கலந்த மின்திட்டம் 2021இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபிக்க, அது கைவிடப்பட்டு, 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. ஒப்பந்தம் 2024இல் கையெழுத்தானது. மூன்று தலைநகரங்கள் முடிவெடுத்தன. அந்தத் தீவுகளின் பெயரில் பேசும் உறுப்பினர் யார் என்று யாருக்கும் தெரிந்திருக்கத் தேவையும் இருக்கவில்லை.

மற்றத் தீவுகள் என்ன செய்கின்றன

இலட்சத்தீவின் மொத்தத் தரைப்பரப்பு 32 சதுர கிலோமீற்றர். நெடுந்தீவு ஒன்றே அதைவிடப் பெரியது. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். ஆனால் இலட்சத்தீவுக்கு இந்திய மக்களவையில் தனி உறுப்பினர் உண்டு. வாக்காளர் சுமார் 57,000 பேர். இந்தியத் தொகுதிகளில் மிகச் சிறியது. 1967க்கு முன் குடியரசுத் தலைவர் நியமித்தார். அதன்பின் மக்கள் தெரிவுசெய்கிறார்கள். பி. எம். சயீது தொடர்ந்து பத்து முறை வென்ற தொகுதி அது. 2004இல் 71 வாக்குகளால் தோற்றார். எழுபத்தொரு வாக்கு ஒரு நீண்ட ஆட்சியை முடித்துவைக்கும் இடத்தில் எந்த வேட்பாளரும் எந்தத் தீவையும் விட்டுவிட முடியாது.

பிரித்தானியாவில் தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமாக இருக்கவேண்டும் என்று 2011இல் சட்டம் செய்தபோது, ஸ்கொட்லாந்தின் வெளி ஹெப்ரிடீசுக்கும் ஓர்க்னி–ஷெட்லாந்துக்கும் அதே சட்டத்தில் விலக்கு வைத்தார்கள். வழக்கமான தொகுதியில் எழுபதாயிரத்துக்கு மேல் வாக்காளர் இருக்க, வெளி ஹெப்ரிடீசில் இருபதாயிரத்தை ஒட்டியே இருக்கிறார்கள். பின்லாந்தின் 200 பேர் அவையில் ஓலந்துத் தீவுகளுக்கு ஓர் ஆசனம் நிலையாக உண்டு. கடல் நடுவே கிடக்கும்போது தலைகளை மட்டும் எண்ணுவது நீதியாகாது என்பதை இந்த நாடுகள் வெவ்வேறு வழியில் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

இலங்கையும் ஒருகாலத்தில் இதற்கு அருகில் இருந்தது. சோல்பரி முறை தலையோடு நிலத்தையும் எண்ணியது. ஆனால் அது தரைச் சதுர மைல் கணக்கு. தீவகத்தில் நிலம் கொஞ்சம், கடல்தான் மிச்சம். ஆறு கிராமங்களை ஒரே நாளில் சைக்கிளில் சுற்றிவரக் கூடிய குடாநாட்டு வேட்பாளரும், நான்கு தீவுக்கு நான்கு படகு ஏறவேண்டிய தீவக வேட்பாளரும் எந்தச் சட்டத்திலும் சமமே.

எதிர்வாதங்களும் ஒரு முடிவும்

தீவகத்துக்குத் தனி ஆசனம் என்ற யோசனையை எதிர்ப்போரின் வாதங்கள் பலவீனமானவை அல்ல. முதலாவது, ஒருவருக்கு ஒரு வாக்கு, வாக்குகளுக்குச் சம மதிப்பு என்ற அடிப்படை. கிளிநொச்சியில் மீள்குடியேறி வறுமையில் வாழும் ஒருவரின் வாக்கைவிட வேலணைக்காரரின் வாக்குக்கு ஏன் கூடுதல் பெறுமதி? இரண்டாவது, 1994. சிறிய, படையினர் சூழ்ந்த, வெளியார் எட்ட முடியாத இடத்தின் வாக்குக்கு அளவுக்கு மீறிய கனம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. கடற்படை முகாம்கள் இன்றும் தீவுகளில் இருக்கின்றன. மூன்றாவது, நாடாளுமன்ற உறுப்பினர் படகு ஓட்டத் தேவையில்லை. பிரதேச சபைகளைப் பலப்படுத்தினால் போதும்.

மூன்றாவது வாதத்தை முதலில் எடுப்போம். 2018 முதல் உள்ளூராட்சித் தேர்தல் வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறையில் நடக்கிறது. வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் மீண்டும் கிடைத்திருக்கிறார். இது நல்ல மாற்றம். ஆனால் தீவின் உயிர்நாடியான கடற்போக்குவரத்து வீதி அபிவிருத்தி அதிகார சபை, பிரதேச சபை, கடற்படை, தனியார் படகுக்காரர் என்று பலர் கையில் சிதறிக் கிடக்கிறது. இதையெல்லாம் ஒருங்கிணைக்க வேண்டிய வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தலே நடக்கவில்லை. பலப்படுத்தச் சொல்லும் நிறுவனங்களில் ஒன்று இல்லாமலே இருக்கிறது. மற்றதற்கு அதிகாரம் இல்லை.

முதல் இரண்டு வாதங்களுக்கும் ஒரே மறுமொழி உண்டு. 1994இன் பாடம் சிறிய இடத்துக்கு ஆசனம் கொடுக்காதே என்பதாக இருக்க முடியாது. அன்று தீவாருக்கு ஆசனம் கொடுக்கப்படவில்லை. முழு மாவட்டத்தின் ஆசனங்கள், மாவட்டம் வாக்களிக்க முடியாத நாளில், தீவில் இருந்த சிலர் வழியாக ஒரு கட்சிக்குப் போயின. தீவகத்துக்கென்று ஓர் ஆசனம் தனியே இருந்திருந்தால், அன்றைய வாக்கு அந்த ஒன்றை மட்டுமே நிரப்பியிருக்கும். தனித்தொகுதி சிறுபான்மை வாக்கின் கனத்தைக் கூட்டுவதுபோலவே அதற்கு எல்லையும் போடுகிறது.

எனவே தேர்தல் முறைச் சீர்திருத்தம் மீண்டும் பேசப்படும்போது வைக்கவேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. கலப்பு முறை எதுவாயினும் தீவகம் தலைக்கணக்குக்கு அப்பாற்பட்ட ஒரு தனித்தொகுதியாகச் சட்டத்திலேயே குறிக்கப்பட வேண்டும். எல்லை நிர்ணய ஆணைக்குழு கடல் கடப்பதையும் ஓர் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். வாக்களிப்பு ஒரு குறைந்தபட்ச வீதத்தை எட்டாத தொகுதியில் மறுவாக்கெடுப்பு கட்டாயமாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பகிஷ்கரிப்போ அடுத்த போரோ பழையபடி ஆசனங்களை மலிவாக்கும். தீவின் இடாப்பில் பெயருள்ளவர் தாம் வேலை செய்யும் ஊரில் முன்கூட்டியே வாக்களிக்கும் வசதி வேண்டும். அரச ஊழியருக்குத் தபால் வாக்கு உண்டென்றால், வவுனியாக் கடையில் நிற்கும் அனலைதீவுக்காரருக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு விடைசொல்ல வேண்டும்.

தீவகத்தின் ஒரு தனி ஆசனத்தால் கொழும்பில் ஆட்சி மாறாது. யார் ஆண்டாலும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நெடுந்தீவு இறங்குதுறையில் வந்து இறங்கி, போன தடவை சொன்னதைச் செய்தேனா இல்லையா என்று கணக்குக் காட்டவேண்டிய ஒருவர் இருப்பார். 1977க்குப் பின் அப்படி ஒருவரை அந்த மக்களுக்குக் கொடுக்காத முறையைச் சம நீதி என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.